டையூ தீவில் மழலைகளுடன் மூன்று நாட்கள்

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு விடுமுறை என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அது ஊருக்குப் போவது. இரண்டு மாதங்களுக்கு முன்பே இரயிலில் இடம் பதிவு செய்கிறோம். ஒன்றிரண்டு நாள் பயணம் செய்து போய்ச் சேருகிறோம். உற்றார் வீடுகளுக்குச் சென்று, குலதெய்வத்தை வணங்கி, ஊறுகாயும் அப்பளமும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்புகிறோம். இதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், பத்து இருபது ஆண்டுகள் ஒரு மாநிலத்தில் குடியிருந்தும், அதன் கடற்கரையையோ கோட்டையையோ ஒரு நாளேனும் சென்று காணாத குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! நம் குழந்தைகள் பிறந்து வளரும் மண் இதுவே. இதை அவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதும் பெற்றோரின் கடமையல்லவா?

இவ்வெண்ணத்தோடு, சென்ற குளிர்காலத்தில் அகமதாபாதிலிருந்து டையூ தீவுக்குச் சென்று வந்தோம். எங்களுடன் மூன்றரை வயதுப் பையனும், இரண்டு வயது நிறையாத பெண்ணும், அவர்களுடைய பாட்டியும் வந்தனர். செய்தி கேட்ட நண்பர்கள் சிலர் நகைத்தனர். "கைக்குழந்தைகளுக்குக் கோட்டை எதற்கு? நாலெழுத்துப் படித்த பிறகு அழைத்துப் போகலாமே" என்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு அத்தீவில் எங்களுக்குக் கிடைத்த விடையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தீவும் அதன் பெயரும்

சௌராஷ்டிரத் தீபகற்பத்தின் தென்கரையை ஒட்டி, குறுகிய கழி ஒன்று நிலத்திலிருந்து பிரிக்க, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது இச்சிறு தீவு. கழியின் மேல் பாலம் இருப்பதால் படகேற வேண்டிய தொல்லை இல்லை. அகமதாபாதில் இரவு பேருந்து ஏறினால் காலையில் ஊனா என்னும் ஊரை அடையலாம். அங்கிருந்து டையூ கூப்பிடு தூரந்தான். தாத்ரா, நகர் ஹவேலி, டாமன் ஆகியவற்றுடன் சேர்ந்து 2020 ஜனவரி 26 முதல் இது ஒரே ஒன்றியப் பகுதியாக இருக்கிறது.

உள்ளூர் மக்கள் இதை 'டையூ' என்று சொல்வதில்லை, 'தீவ்' என்கிறார்கள். பேருந்தில் நடத்துநர் "தீவ், தீவ்" என்று கூவியதைக் கேட்டு, "அட, நம் பாஷையில் அல்லவா கூப்பிடுகிறான்!" என்று பாட்டி வியந்தார்கள். 'த்வீபம்' என்ற வடசொல்லின் திரிபே அப்பெயர் என்பர். மதுரையிலும் சேலத்திலும் கும்பகோணத்திலும் வாழும் சௌராஷ்டிர மக்கள் தம் முன்னோர் புறப்பட்ட நாடென்று போற்றுவதும் இந்தத் தீபகற்பத்தையே. 2023 ஏப்ரலில் சௌராஷ்டிரத் தமிழ்ச் சங்கமம் நிகழ்ந்த சோமநாதமும் இதே கரையில்தான் இருக்கிறது. ஆகவே தமிழருக்கு முற்றிலும் அன்னியமான பூமி அன்று இது.

கோட்டை எழுந்த கதை

டையூ ஒரு காலத்தில் மேற்குக் கடல் வாணிபத்தின் வாயிலாக விளங்கியது. அதைக் கைப்பற்றப் போர்த்துகீசியர் பல காலம் முயன்றனர். 1509இல் இதன் அருகே நிகழ்ந்த கடற்போரில், எகிப்து, குஜராத், கள்ளிக்கோட்டை ஆகியவற்றின் கப்பல்கள் கூடிப் போரிட்டும் போர்த்துகீசியரே வென்றனர். ஆனால் தீவு அவர்கள் கைக்கு வரவில்லை. பின்னர் குஜராத்தின் சுல்தான் பகதூர் ஷா, முகலாய மன்னர் ஹுமாயூனின் படையெடுப்பால் இடர்ப்பட்டு, உதவி நாடிப் போர்த்துகீசியருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன் பயனாக 1535இல் இங்கே கோட்டை எழுந்தது. ஹுமாயூன் திரும்பிச் சென்றதும் சுல்தான் தம் செய்கைக்கு வருந்தினார். 1537இல் போர்த்துகீசிய ஆளுநரைக் கப்பலில் கண்டு திரும்புகையில், கைகலப்பு நேர்ந்து, கடலிலேயே உயிர் இழந்தார்.

1538இல் துருக்கியக் கப்பற்படையும் குஜராத்தின் படையும் சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டன. 1546இல் மீண்டும் ஒரு முற்றுகை நிகழ்ந்தது. இரண்டு முறையும் கோட்டை விழவில்லை. இரண்டாவது முற்றுகையில் மதில்கள் இடிந்து போயின. கோட்டையை மீட்க வந்த ஆளுநர் ஜோவோ டி காஸ்ட்ரோ, அதைத் திரும்பக் கட்டப் பணமின்றித் தவித்தார். அவருடைய மகன் அந்த முற்றுகையில்தான் மாண்டிருந்தான். கோவா நகரத்தாரிடம் கடன் கேட்டு எழுதிய அவர், ஈடாக வைக்க வேறு பொருள் இல்லாமல், தம் தாடியின் மயிரைச் சில இழைகள் எடுத்து அனுப்பினார். நகரத்தார் பணத்தையும் கொடுத்து, ஈட்டையும் திருப்பி அனுப்பிவிட்டனர். இன்று நாம் காணும் கோட்டை பெரிதும் அதன் பின்னர்க் கட்டப்பட்டதே.

குழந்தையின் உயரத்தில் கோட்டை

கோட்டை தீவின் கிழக்கு முனையில் நிற்கிறது. மூன்று பக்கமும் கடல். நிலத்தின் பக்கம் பாறையில் வெட்டிய அகழி. கடல் பொங்கும்போது அகழியிலும் நீர் ஏறுகிறது. பெரியவர்கள் மட்டும் சென்றால் ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். எங்களுக்கு ஒரு முற்பகல் முழுவதும் ஆயிற்று.

பையன் அகழிப் பாலத்தை விட்டு நகரவே மறுத்தான். நீரில் சிறு மீன்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சிறியவளுக்கோ, ஓரிடத்தில் குவித்து வைத்திருந்த இரும்புக் குண்டுகள் மேல்தான் கண். அவளுக்குத் தெரிந்த எண்கள் இரண்டே. "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று குவியல் முழுவதையும் எண்ணி முடித்தாள். கொத்தளம், கலங்கரை விளக்கம், பாழடைந்த தேவாலயம் இவற்றை நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தோம். குழந்தைகள் நின்ற இடத்தில் நிற்க நேர்ந்ததால், நாங்களாகச் சென்றிருந்தால் கவனித்திரா பல பொருள்கள் கண்ணில் பட்டன. மதிற் கற்களில் புதைந்திருக்கும் சிப்பிகளும், வாயிலின் மேல் செதுக்கிய எழுத்துக்களும் அத்தகையவை.

எழுத்துக்களைக் கண்ட பாட்டி, "இது எந்தப் பாஷை?" என்று கேட்டார்கள். போர்த்துகீசிய மொழி என்றும், நாம் அன்றாடம் வழங்கும் ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி, பீப்பாய், ஏலம் ஆகிய சொற்கள் அம்மொழியிலிருந்து வந்தவையே என்றும் சொன்னோம். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் வாணிபம் செய்த காலத்தில் நம்மிடையே தங்கிப்போன சொற்கள் அவை. பாட்டி சற்று யோசித்து, "சண்டைக்காரன் போய்விட்டான், அவன் சாவி மட்டும் நம் இடுப்பில் இருக்கிறது" என்றார்கள். வரலாற்று நூல் எதிலும் நாங்கள் இதை இவ்வளவு சுருக்கமாகப் படித்ததில்லை.

பீரங்கி எதற்கு?

கடலை நோக்கி வாய் திறந்து நிற்கும் பீரங்கி ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டான் பையன். எங்கள் இருவருக்கும் அங்கே கருத்து வேறுபாடு உண்டாயிற்று. மூன்றரை வயதுக் குழந்தையிடம் கொலையைப் பற்றிப் பேசலாகாது என்பது ஒருவர் கட்சி. பொய் சொல்லவும் ஆகாது, பட்டாசு வெடிப்பது என்று சொல்லிவிட்டால் பின்னர் அவனே உண்மையை அறியும்போது நம்மை நம்பமாட்டான் என்பது மற்றவர் கட்சி.

வழக்கைத் தீர்த்தவர்கள் பாட்டிதான். "இந்த வீடு எனக்கு, உனக்கு என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். அப்போது இந்தக் குண்டை வீசினார்கள். நிறையப் பேருக்கு அடிபட்டது" என்றார்கள். "வீடு யாருக்கு?" என்றான் பையன். "இப்போது எல்லாருக்கும். அதனால்தானே நாம் வந்திருக்கிறோம்." அவன் தலையை ஆட்டிவிட்டு மீன் பார்க்கப் போய்விட்டான்.

அந்த விடையில் பொய் ஏதுமில்லை. 1961 டிசம்பரில் இந்தியப் படை இத்தீவை விடுவித்தது. 'டில்லி' என்ற போர்க்கப்பல் கடலிலிருந்து சுட, தரைப்படையினர் கழியைக் கடந்து வந்தனர். மதராஸ் ரெஜிமெண்டின் நான்காம் பட்டாலியனும் அதில் பங்கு கொண்டது. கழியின் நடுவே கப்பலைப் போல் நிற்கும் சிறு கோட்டைக்குப் பானிகோட்டா என்று பெயர். அதில் இருந்த போர்த்துகீசியக் காவலர்கள் சரணடைந்தது அந்தப் பட்டாலியன் வீரர்களிடமே. படகுத் துறையிலிருந்து அக்கோட்டையைப் பார்த்த பையன், "கப்பல் ஏன் நகரவில்லை?" என்று மாலை வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை 'குக்ரி' நினைவிடத்துக்குச் சென்றோம். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அக்கப்பல் பாகிஸ்தானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பலின் தலைவர் மகேந்திரநாத் முல்லா, பிறர் தப்ப வழி செய்துவிட்டு, தாம் கப்பலுடனேயே மூழ்கினார். கண்ணாடிக்குள் இருக்கும் மாதிரிக் கப்பலைக் குழந்தைகள் மகிழ்ச்சியோடு பார்த்தனர். அங்கே அவர்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்லும் காலம் வரும். அன்று அவர்கள் அந்தக் கடலைப் பார்த்திருக்கிறார்கள் என்பதே போதுமென்று தோன்றியது.

கிளை விட்ட பனை

முழுப் பகலையும் கோட்டையிலேயே கழிப்பது குழந்தைகளுக்கு ஆகாது. நாகோவாக் கடற்கரை பிறை வடிவாக வளைந்து, மணல் மெத்தென்றிருக்கிறது. அங்கே 'ஹோகா' என்னும் மரங்கள் நிறைய உண்டு. பனை இனமேயாயினும் தண்டு கிளைகளாகப் பிரிந்து வளர்வது அது. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்து வளர்ந்த எங்கள் பாட்டி, "பனைக்குக் கிளையா!" என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நைதா என்ற இடத்தில் கல் வெட்டி எடுத்த குகைகள் இருக்கின்றன. மேலிருந்து ஒளி விழும் அந்தக் குளிர்ந்த வழிகள் குழந்தைகளின் கண்ணாமூச்சிக்கென்றே அமைந்தவை போலும்.

ஊருக்குள் நடந்தபோது பூட்டிக் கிடந்த அழகிய வீடுகள் பலவற்றைக் கண்டோம். இத்தீவினர் பல தலைமுறைகளாக மொசாம்பிக் நாட்டுக்குச் சென்று பிழைத்தவர்கள். இன்று போர்ச்சுகலிலும் இங்கிலாந்திலும் பலர் வாழ்கின்றனர். விடுமுறைக்கு வந்து வீட்டைத் திறந்து, விளக்கேற்றி, மீண்டும் பூட்டிச் செல்கின்றனர். நம் ஊர்த் தெருக்களிலும் இக்காட்சி புதிதன்று. அவ்வீடுகளின் முன் நாங்கள் சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

செல்வோருக்குச் சில யோசனைகள்

கோட்டைக்குக் காலையிலேயே சென்றுவிடுக. உள்ளே நிழல் குறைவு. குடிநீரும், தொப்பியும், தயிர்சாதமோ இட்லியோ கட்டிய பொட்டலமும் கையில் இருக்கட்டும். பல இடங்களில் மதிலுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. பீரங்கி நீட்டும் இடைவெளிகளோ குழந்தையின் உயரத்துக்குச் சரியாக இருக்கின்றன. அவற்றுக்கு அப்பால் பள்ளமும் கடலுந்தான். ஆகவே ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று வகுத்துக்கொண்டு, கையை விடாமல் நடக்க வேண்டும். தள்ளுவண்டி கல் பாவிய சரிவுகளில் உதவாது, இடுப்பே சிறந்தது. நடுப்பகலில் உறக்கம் அவசியம். ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் அழுகை குறையும்.

இனி, நண்பர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். குழந்தைகள் இப்பயணத்தை மறந்துவிடுவார்கள் என்பது உண்மையே. காஸ்ட்ரோவின் தாடியும் பகதூர் ஷாவின் முடிவும் அவர்களுக்கு இப்போது பொருளற்றவை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகளால், நாங்கள் வாழும் மண்ணைப் பற்றி நாங்கள் அறிந்துகொள்ள நேர்ந்தது. அவர்கள் வளர்ந்து மீண்டும் கேட்கும் நாளில், விடை சொல்ல வீட்டில் ஆள் இருக்கும். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே பொதுவான ஓர் இடம் இருக்கும். அது தமிழ்நாட்டில் மட்டுமல்லாமல் இங்கேயும் இருக்கும்.

மும்பை அன்பர்களுக்கு வசாய்க் கோட்டையும், தில்லி அன்பர்களுக்குப் பழைய கோட்டையும், ஹைதராபாத் அன்பர்களுக்குக் கோல்கொண்டாவும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊருக்குப் போவதை நிறுத்த வேண்டாம். ஆண்டுக்கு மூன்று நாளை மட்டும் நாம் வாழும் நாட்டுக்கு ஒதுக்குவோம். குழந்தைகள் வளரட்டும் என்று காத்திராமல், பாட்டியால் நடக்க முடியும்போதே அழைத்துச் செல்வோம்.