தொப்பிக்குள் கேமரா!

குழந்தைகளே! இருட்டில் பூனையின் கண்மணி அகலமாக விரிவதைப் பார்த்திருப்பீர்கள். நிறைய வெளிச்சம் உள்ளே போகத்தான் அப்படி. கேமரா லென்சும் அதே மாதிரிதான். அதன் திறப்பின் விட்டம் 2 மடங்கானால், நுழையும் வெளிச்சம் 4 மடங்காகும்!

முன்பெல்லாம் வீட்டுக்குள் போட்டோ எடுக்க மக்னீசியப் பொடியைக் கொளுத்துவார்கள். பளீர் வெளிச்சம், ஒரே புகை! எல்லோரும் பொம்மை போல விறைத்து நிற்பார்கள். 1924ல் ஜெர்மனியில் 'எர்மனாக்ஸ்' என்ற குட்டிக் கேமரா வந்தது. அகன்ற திறப்புள்ள லென்ஸ் என்பதால் அறை விளக்கே போதும். பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் கறுப்பு-வெள்ளைப் படம் பதியும்.

அதை வாங்கிய எரிக் சாலமன், 1928ல் பெர்லின் நீதிமன்றத்தில் தொப்பிக்குள் கேமராவை ஒளித்து வைத்து, கொலை வழக்கு விசாரணையைப் படமெடுத்தார்! 1930ல் ஹேக் நகர மாநாட்டில், நள்ளிரவு தாண்டியும் பேசிக் களைத்த அமைச்சர்கள் நாற்காலியிலேயே கண் அயர்ந்ததையும் எடுத்தார். தலைவர்களும் நம்மைப் போன்றவர்களே என்று அந்தப் படம் காட்டியது.

அவர் யூதர். அந்த ஒரே காரணத்துக்காக, 1944ல் அவுஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். அவர் எடுத்த படங்கள் பல தப்பிப் பிழைத்தன.

இன்று இரவு அப்பாவின் செல்போனில் பிளாஷை அணைத்துவிட்டு, விளக்கடியில் படிக்கும் தாத்தாவை எடுத்துப் பாருங்கள். கை ஆடக் கூடாது!