தாத்தாவின் பதக்கங்கள்

"தாத்தா கடற்படையில் பணியாற்றினார்; போரிலும் கலந்துகொண்டார்" என்று சில இல்லங்களில் பெருமையுடன் கூறுவர். எந்தக் கப்பலில் இருந்தார், எந்த ஆண்டுகளில் பணியாற்றினார், எந்தெந்தப் பதக்கங்களைப் பெற்றார் என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. அவர் மறைந்த பின்னர், பழைய இரும்புப் பெட்டியில் வண்ண நாடாவுடன் ஒரு பதக்கமும் ஒரு நிழற்படமும் மட்டுமே எஞ்சியிருக்கும். அவற்றைக் கொண்டு அவருடைய பணி வரலாற்றை அறிய இயலுமா? முறையாகத் தேடினால் இயலும்.

பதக்கங்களின் வகைகள்

படைவீரர் பெறும் பதக்கங்களை மூவகையாகப் பிரிக்கலாம். பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா முதலியன தனி ஒருவரின் வீரச்செயலுக்காக வழங்கப்படுவன. குறிப்பிட்ட போரிலோ பகுதியிலோ பணியாற்றியமைக்காக வழங்கப்படுவன இரண்டாம் வகை. குறிப்பிட்ட நாளில் பணியில் இருந்தமைக்காகவோ, நெடுங்காலம் பணியாற்றியமைக்காகவோ வழங்கப்படுவன மூன்றாம் வகை. பின்னைய இரு வகைகளுக்கும் உரிய நெறிமுறைகளை நிறைவு செய்தோர் அனைவரும் தகுதி உடையவர். எனவே, ஒருவரின் தகுதியை அறிய, அவர் எப்போது, எங்கே பணியாற்றினார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1971ஆம் ஆண்டுப் போரைச் சான்றாகக் கொள்வோம். அவ்வாண்டு டிசம்பர் 4 இரவில் இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தின் மீது தாக்குதல் நடத்தின. அதன் நினைவாகவே அந்நாள் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. கிழக்கே, விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழுந்த விமானங்கள் சிட்டகாங், காக்ஸ் பஜார் ஆகிய இடங்களைத் தாக்கின. டிசம்பர் 9 அன்று குக்ரி என்னும் போர்க்கப்பல் தியூவிற்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர்நீத்தனர்.

இப்போரில் கிழக்குப் பகுதியில் பணியாற்றியோர்க்குப் பூர்வி ஸ்டார் என்னும் பதக்கமும், மேற்குப் பகுதியில் பணியாற்றியோர்க்குப் பஸ்சிமி ஸ்டார் என்னும் பதக்கமும் வழங்கப்பட்டன.

ஒரு மாலுமி 1965இல் பணியில் சேர்ந்து 1980இல் ஓய்வு பெற்றார் எனக் கொள்வோம். போரின்போது அவர் விக்ராந்தில் இருந்தமையால் பூர்வி ஸ்டார் அவருக்கு உரியது. 1972 ஆகஸ்டு 15 அன்று பணியில் இருந்தமையால் விடுதலையின் 25ஆம் ஆண்டு நினைவுப் பதக்கமும் உண்டு. நன்னடத்தையுடன் 15 ஆண்டுகள் பணியாற்றியமையால் 9 ஆண்டு நெடும்பணிப் பதக்கம் கிடைக்கும். 20 ஆண்டுப் பதக்கம் கிடைக்காது. அம்மாலுமியே போர்ப்பகுதிக்கு வெளியே ஒரு பயிற்சி நிலையத்தில் இருந்திருப்பின், பூர்வி ஸ்டார் பெறத் தகுதி இராது.

தேடும் முறை

தேடலை வீட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும். பணிவிடுப்புச் சான்றிதழிலும் ஓய்வூதிய ஆணையிலும் வீரரின் பணி எண் காணப்படும். பல பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். நிழற்படத்தில், தொப்பியைச் சுற்றியுள்ள நாடாவில் கப்பலின் பெயர் தெரியக்கூடும்.

தமிழர் பெயரைத் தேடுவதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை; தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். 'மு. கந்தன்' என்பவர் ஓர் ஆவணத்தில் 'முருகன் கந்தன்' என்றும், மற்றோர் ஆவணத்தில் 'கந்தன் முருகன்' என்றும் பதிவாகியிருக்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறலாம். ஆகையால் பெயரைவிடப் பணி எண்ணே உறுதியான வழிகாட்டி.

மாலுமிகளின் பணி ஆவணங்களை மும்பையில் உள்ள 'பியூரோ ஆஃப் செய்லர்ஸ்' என்னும் அலுவலகம் பேணுகிறது. ஆவணங்களில் தனிப்பட்ட செய்திகளும் இருப்பதால், வீரரோ அவருடைய மனைவி, மக்களோ விண்ணப்பிப்பதே முறை. விண்ணப்பத்தில் பணி எண், உறவுமுறைச் சான்று ஆகியவற்றை இணைத்தல் நன்று. வாழும் மாவட்டத்திலுள்ள சைனிக் போர்டு அலுவலகத்தில் இதற்கு வழிகாட்டுவர். தமிழ்நாட்டில் இதனை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்பர்.

கிடைக்கும் விடை வீட்டில் வழங்கும் கதையோடு முரண்படலாம். போர்முனையில் நின்றதாகக் கூறப்பட்டவர், கரையிலிருந்த பண்டகசாலையில் பணியாற்றியிருக்கலாம். அதனால் அவர் பெருமை குன்றாது. எரிபொருளும் உணவும் கருவிகளும் வந்து சேராமல் எக்கப்பலும் போருக்குச் செல்வதில்லை. அவருக்கு உரியதல்லாத பதக்கத்தைக் கடையில் வாங்கிப் படத்தருகே மாட்டுதல், அவர் உண்மையில் செய்த பணியை மறைப்பதாகும்.

1971இல் இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டனர். கப்பலின் பெயரையும் உடன் பணியாற்றியோரையும் அவர்கள் நினைவில் வைத்திருக்கும்போதே கேட்டு, நாளிட்டு எழுதி வைத்தல் இளையோர் கடமை.

பயிற்சி

1. மூவகைப் பதக்கங்கள் யாவை?
2. பெயரைவிடப் பணி எண் உறுதியானது எனக் கூறுவது ஏன்?
3. 1973இல் சேர்ந்து 1995இல் ஓய்வு பெற்ற மாலுமி, பாடத்தில் கூறப்பட்ட பதக்கங்களுள் எவற்றைப் பெறக்கூடும்? காரணம் கூறுக.
4. உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் அவருடைய பணிக்காலத்தைப் பற்றிக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.