பெட்டிக்குள் வெயில்: செடிக்கு விளக்கு வாங்கும் கணக்கு

போன வருஷம் பக்கத்து மனையில் ஐந்து மாடிக் கட்டடம் எழும்பியது. அதோடு எங்கள் பால்கனிக்கு வெயில் வருவது நின்றது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்த புதினா முதலில் நெட்டையாக வளர்ந்தது, பிறகு வெளிறியது, இரண்டு மாதத்தில் வெறும் குச்சி. "விடுடா, கடையில கிடைக்காததா" என்றார். அவர் சொன்ன விதத்தில் என்னால் விட முடியவில்லை. பழைய மர அலமாரி ஒன்றில் தட்டுகளைக் கழற்றி, சுமார் 60 செ.மீ.க்கு 60 செ.மீ. தரை உள்ள ஒரு பெட்டி செய்தேன். புதினாவும் கொத்தமல்லியும் அதில் வளர வேண்டும். மிச்சம் இருந்தது விளக்கு மட்டும்தான். அதில்தான் இரண்டு தடவை ஏமாந்தேன்.

முதல் தடவை, வீட்டில் இருந்த 9 வாட் எல்.இ.டி. பல்பை மாட்டினேன். கதவைத் திறந்தால் கண் கூசியது. ஆனால் கொத்தமல்லி முளைத்த பத்து நாளில் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது.

என் கண்ணை நம்பியது தப்பு. இருட்டிலும் வெயிலிலும் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இரவில் நம் ஹால் 200 லக்ஸ் இருந்தாலே வெளிச்சமாகத் தெரியும். வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். ஐந்நூறு மடங்கு வித்தியாசம், நமக்கு அது உறைப்பதே இல்லை. இன்னொரு விஷயம்: பல்பு அட்டையில் போட்டிருக்கும் லூமன் என்பதே மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. 555 நானோமீட்டர் அருகே உள்ள பச்சை ஒளிக்கு அதில் அதிக மதிப்பெண், சிவப்புக்கும் நீலத்துக்கும் ரொம்பக் குறைவு.

இலை வேறு விதமாகக் கணக்குப் பார்க்கிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஃபோட்டான்கள் எத்தனை வந்து விழுந்தன என்பதே அதற்கு முக்கியம். கீத் மெக்ரீ 1972இல் 22 பயிர்களின் இலைகளை வைத்து அளந்து வெளியிட்ட முடிவுகள் இந்த அளவுக்கு அடிப்படையாக அமைந்தன. எண்ணிக்கை பெரியது என்பதால் மைக்ரோமோலில் சொல்கிறார்கள்: ஒரு சதுர மீட்டரில், ஒரு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல். அதை நாள் முழுக்கக் கூட்டினால் ஒரு நாளின் மோல் கணக்கு வரும். கொத்தமல்லி, புதினா போன்ற இலைச் செடிகளுக்கு நாளுக்கு 10 முதல் 15 மோல் இருந்தால் நன்றாக வரும்.

இப்போது என் 9 வாட் பல்பைப் போட்டுப் பார்ப்போம். 900 லூமன். வெள்ளை எல்.இ.டி.க்கு லூமனைத் தோராயமாக 70ஆல் வகுத்தால் நொடிக்கான மைக்ரோமோல் கிடைக்கும்: 13. சுவர், கதவு என்று வீணாவது போக 70 சதவீதம் செடிக்குப் போகிறது என்று தாராளமாகவே வைத்தாலும் 9. பெட்டியின் தரை 0.36 சதுர மீட்டர். வகுத்தால் 25. 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1.3 மோல்கூட இல்லை. தேவையில் எட்டில் ஒரு பங்கு. செடி பட்டினி கிடந்திருக்கிறது.

இரண்டாவது தடவை, 'செடி விளக்கு' என்றே விற்கும் ஊதா நிற விளக்கு ஒன்றை வாங்கினேன். பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருந்தது. பிளக்கில் மாட்டும் மீட்டரில் பார்த்தால் 95 வாட்தான் இழுத்தது. இந்தச் சந்தையில் அட்டையில் இருக்கும் வாட்டுக்கும் இழுக்கும் வாட்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளிச்சம் முழுக்க நடுவில் குவிந்தது. நடுச் செடி வெளுத்தது, ஓரச் செடி நீண்டது. ஊதா ஒளியில் இலை பச்சையா மஞ்சளா என்றே தெரியாது. அசுவினி அப்பியிருந்ததை டார்ச் அடித்துத்தான் கண்டுபிடித்தேன்.

சிவப்பும் நீலமும் போதும், பச்சையை இலை திருப்பி அனுப்பிவிடும் என்பது பாதி உண்மை. பச்சையில் கொஞ்சம்தான் திரும்புகிறது. மிச்சம் இலைக்குள் ஆழமாகப் போய் அடி அடுக்குகளுக்கு வேலை கொடுக்கிறது. வலுவான வெள்ளை ஒளி இருக்கும்போது, கூடுதலாகத் தரும் பச்சை சிவப்பைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 2009இல் தெராஷிமா குழுவினர் ஜப்பானில் காட்டினார்கள். ஆக சாதாரண வெள்ளை ஒளியே போதும்.

இணையத்தில் சின்னப் பெட்டி விளக்கு பற்றி இருப்பதில் பெரும்பகுதி கஞ்சா வளர்ப்பவர்கள் எழுதியது. நம் ஊரில் 1985ஆம் வருடச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த எண்களே நமக்கு ஆகாது. அந்தச் செடி பூக்கும் பருவத்தில் 600 முதல் 900 மைக்ரோமோல் கேட்கும். நம் புதினாவுக்கு 200 போதும். அதைப் பார்த்து வாங்கினால் காசும் கரண்டும் மூன்று மடங்கு போகும், செடியும் கருகும்.

மூன்றாவது தடவை, கணக்கைப் பின்னாலிருந்து போட்டேன். 200 மைக்ரோமோல், 14 மணி நேரம்: நாளுக்கு 10 மோல். 200ஐ 0.36ஆல் பெருக்கினால் 72. வீணாவதையும் சேர்த்தால் விளக்குகள் மொத்தம் 100 மைக்ரோமோல் தர வேண்டும், அதாவது 7000 லூமன். 10 வாட், 1000 லூமன், 2 அடி எல்.இ.டி. பேட்டன் ஏழு. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் அதே சரக்கு. 6500 கெல்வின் வெள்ளை எடுத்தேன், அதில் நீலம் கூடுதல் என்பதால் செடி குட்டையாக நிற்கும். ஏழும் வரிசையாக இருப்பதால் வெளிச்சம் சமமாக விழுகிறது. உட்சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடித்தேன்.

கரண்டுக்கு வருவோம். 70 வாட், 14 மணி நேரம்: மாதம் 29 யூனிட். நல்ல தரமான செடி விளக்கு ஒரு வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தரும், பேட்டன் தருவது 1.4. அதனால் அதில் 40 வாட், 17 யூனிட்டோடு முடியும். இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டை ஒட்டி இருப்பவர்கள் நல்ல விளக்கையே யோசிக்கலாம்.

சென்னையில் இன்னொரு செலவு சூடு. பெட்டிக்குள் இழுக்கும் வாட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் மாறும். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை மேலே மாட்டி, கீழே ஓட்டை போட்டேன். டைமரை மாலை 6 முதல் காலை 8 வரை வைத்தேன். செடிக்கு இரவு பகல் எது என்பதை நாம்தான் சொல்கிறோம், குளிர்ந்த நேரத்தையே பகலாக்கிவிடலாம். 14 மணிக்கு மேல் போகாததற்கும் காரணம் உண்டு: நீண்ட பகலும் சூடும் சேர்ந்தால் கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிடும்.

சரிபார்க்க மொபைலில் லக்ஸ் ஆப் போதும். துல்லியம் குறைவு, ஆனால் திசை காட்டும். இலை மட்டத்தில் 14,000 லக்ஸ் வந்தால் அதுதான் நம் 200. எனக்கு நடுவில் 14,500, மூலையில் 11,000.

குச்சியாக நின்ற அதே புதினாவை அம்மா அடியோடு வெட்டி உள்ளே வைத்தார். வேர் சாகவில்லை, மூன்றாவது வாரம் தளிர் வந்தது. கொத்தமல்லி மே மாதத்தில் தோற்றது. அறையே 35 டிகிரி இருக்கும்போது எந்த விளக்கும் உதவாது. நவம்பரில் மறுபடி விதைத்தோம், இப்போது கிள்ளுகிறோம்.

நீங்கள் வாங்கப் போனால் கடைக்காரரிடம் இரண்டே கேள்வி: நிஜமாக எத்தனை வாட் இழுக்கும், எத்தனை லூமன் அல்லது மைக்ரோமோல் தரும்? பதில் இல்லையென்றால் அந்த விளக்கு வேண்டாம், பேட்டன் இருக்கிறது.