நாடாப் பெட்டியில் ஒட்டிய புகைப்படம்

சென்ற வாரம் 1980 த்பிலிசி இசை விழாவோடு நிறுத்தியிருந்தேன். அங்கே மேடையில் நடந்துகொண்ட விதத்துக்காக ‘அக்வேரியம்’ ராக் குழுவின் பரீஸ் கிரெபென்ஷிக்கோவுக்கு வேலை போனது. கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பிலிருந்தும் பெயரை நீக்கினார்கள். இசைத்தட்டு போட சோவியத் நாட்டில் இருந்தது ‘மெலோதியா’ என்ற ஒரே அரசு நிறுவனம். அதன் கதவு இப்படிப்பட்டவருக்குத் திறக்குமா?

கதவு திறந்தது வேறு இடத்தில். லெனின்கிராதின் ஓக்தா பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் ஆந்திரேய் திரோபில்லோ. அந்த வகுப்புக்கான அறையும் கருவிகளும்தான் ரஷ்ய ராக் இசையின் முதல் ஸ்டூடியோ. 1981இல் அக்வேரியத்தின் ‘நீல ஆல்பம்’ அங்கிருந்துதான் வந்தது.

ஆல்பம் என்றால் இசைத்தட்டு இல்லை; ஒலிநாடாச் சுருள். அதை வைக்கும் அட்டைப் பெட்டியின் மேல், ஆந்திரேய் உஸோவ் எடுத்துப் பிரதி போட்ட புகைப்படத்தைக் கையால் ஒட்டியிருப்பார்கள். கவிஞர்-பாடகர் விஸோத்ஸ்கியின் பாடல்களும் அதற்கு முன்பே நாடாவில்தான் நாடெங்கும் போயின. ஆனால் அவை பெரும்பாலும் கச்சேரியிலும் நண்பர் வீட்டிலும் பதிந்தவை, கிடைத்த வரிசையில் கிடைத்தவை. திரோபில்லோவின் அறையில் உட்கார்ந்தவர்களுக்கு அது போதவில்லை. எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில், அட்டையில் என்ன படம் என்று எல்லாவற்றையும் தாங்களே தீர்மானித்தார்கள். அரசாங்கம் அங்கீகரிக்காத இசைக்கு ஒரு முழு ஆல்பத்துக்குரிய மரியாதையைக் கொடுத்தார்கள். ரஷ்ய ராக் தொடங்கியதே இந்தப் பிடிவாதத்தில்தான் என்பேன்.

அடுத்த ஆண்டு அதே அறைக்கு விக்தர் த்ஸோய் வந்தார். வயது இருபது. ‘கினோ’ குழுவில் அப்போது அவரும் அலெக்ஸேய் ரீபினும்தான் முக்கியம். மற்ற வாத்தியங்களுக்கு அக்வேரியம்காரர்களே கைகொடுத்தார்கள். ஓடும் நேரத்தை வைத்து ஆல்பத்துக்கு ‘45’ என்று பெயர். எட்டாம் வகுப்புப் பெண், புறநகர் மின்ரயில், வேலையில்லாமல் தெருவில் சுற்றுபவன் என்று பாட்டுகளுக்குள் வருபவை எல்லாம் அந்த ஊரில் அன்றாடம் கண்ணில் படுபவை. பதிவு மெலிந்ததுதான். இருந்தும் கினோவின் பிந்தைய ஆல்பங்களில் இல்லாத ஒரு வெளிச்சம் இதில் இருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

காசு? ஒன்றும் இல்லை. வேண்டியவர்கள் வெற்று நாடா கொண்டுவந்து பிரதி எடுத்துக்கொண்டார்கள்; அதிலிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து மற்றொருவர். ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடும். பாடியவர் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்தாக வேண்டும். வேலையில்லாமல் இருப்பதே அன்று அங்கே சட்டப்படி குற்றம். 1986 முதல் ‘கம்சாத்கா’ என்று பெயர்பெற்ற கொதிகலன் அறையில் த்ஸோய் நிலக்கரி அள்ளிப்போட்டார். அந்தப் பெயரைத் தலைப்பில் கொண்ட அவருடைய ஆல்பம் 1984லேயே வந்துவிட்டது!

அதே 1986இல் ஜோவானா ஸ்டிங்ரே என்ற அமெரிக்கப் பாடகி லெனின்கிராத் குழுக்களின் நாடாக்களை ரகசியமாகக் கொண்டுபோய், ‘ரெட் வேவ்’ என்று அமெரிக்காவில் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். நான்கு குழுக்கள், பக்கத்துக்கு ஒன்று. கினோவுக்கு ஒரு பக்கம். அவர் கொண்டுவந்து கொடுத்த நான்கு தட பதிவுக் கருவியில்தான் ‘இரத்த வகை’ ஆல்பம் உருவானது, அதுவும் வீட்டில் வைத்தே. 1988இல் அது வெளியானதும் கினோ நாடு முழுவதும் தெரிந்த குழுவானது.

1990 ஜூன் 24 அன்று மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானத்தில் கினோ பாடியது. ஆகஸ்ட் 15இல் லாத்வியாவில் த்ஸோய் ஓட்டிப்போன கார் ஒரு பேருந்தில் மோதியது. அவருக்கு வயது 28.

அடுத்த ஆல்பத்துக்காகப் பாடிவைத்த மாதிரிப் பதிவு இருந்தது. கிட்டார் கலைஞர் யூரி கஸ்பார்யான், பேஸ் வாசித்த இகர் திகமீரொவ், நின்றபடியே டிரம் வாசித்த கியோர்கி குர்யானவ் மூவரும் அந்தக் குரலை அப்படியே வைத்துக்கொண்டு தங்கள் வாத்தியங்களைச் சேர்த்தார்கள். பொதுவாக வாத்தியம் முதலில் பதிவாகும், குரல் அதன்மேல் ஏறும். இங்கே பாடகர் இல்லை. அவர் எடுத்த மூச்சுக்கும் விட்ட இடைவெளிக்கும் ஏற்ப மற்றவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது. கறுப்பு அட்டையில் குழுவின் பெயரை மட்டும் போட்டார்கள். ‘கறுப்பு ஆல்பம்’ என்று பெயர் வைத்தது ரசிகர்கள்.

லெனின்கிராதுக்கு வெகு தூரத்தில், சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரில், யெகோர் லேத்தவ் தன் வீட்டையே ஸ்டூடியோவாக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)