கேமரா பழகாத வீட்டிலிருந்து முதல் வீடியோ

மும்பை அணுசக்தி நகர் வீடுகளில் கேமரா என்றாலே ஒரு தயக்கம் உண்டு. டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் அப்சரா அணுஉலை இயங்கத் தொடங்கிய காலத்திலிருந்து, 1967-ல் அங்குள்ள அணு ஆராய்ச்சி மையத்துக்கு விஞ்ஞானி ஹோமி பாபாவின் பெயர் சூட்டிய பிறகும், இன்றுவரைக்கும் விதி ஒன்றுதான்: உள்ளே படம் எடுக்கக் கூடாது, வேலை விஷயத்தை வெளியே பேசக் கூடாது. வேலைக்குப் போனவர்கள் அந்தக் கட்டுப்பாட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்பியதில்லை. அடக்கமாக இருப்பது, பேர் வெளியே தெரியாமல் வேலையைச் செய்வது என்பது இங்கே இரண்டு தலைமுறையாக ஊறிய குணம். நல்ல குணம்தான். ஆனால் இட்லிப்பொடியும் முறுக்கும் செய்து விற்பவர்களுக்கு, புடவைக்கு ஃபால்ஸ் தைத்து ஆரி வேலை செய்பவர்களுக்கு, மாலையில் பாட்டு வகுப்பும் டியூஷனும் எடுப்பவர்களுக்கு அதே குணம் ஒரு கட்டத்தில் குறுக்கே நிற்கிறது.

வாடிக்கையாளர் செம்பூரிலும் தேவ்னாரிலும் மட்டும் இல்லை. மகள் வீட்டுக்கு வாஷிக்குப் போனவர், பணி ஓய்வு பெற்று கோவைக்குத் திரும்பியவர் எல்லோரும் கையில் கைபேசியோடுதான் இருக்கிறார்கள். “ஒரு சின்ன வீடியோ எடுத்துப் போடுங்களேன் மாமி” என்று சொல்லிப் பாருங்கள். “அதெல்லாம் சின்னஞ்சிறுசுகள் பண்றது”, “என் குரலை எனக்கே கேட்கப் பிடிக்கலை”, “காலனியில யாராவது பார்த்தா என்ன நினைப்பா?” என்று வரிசையாகப் பதில் வரும். கடைசியில் வருவதுதான் அசல் காரணம்: “நம்ம சாமானை நாமே ஒசத்தியா சொல்லிக்கறதா?”

இவற்றைச் சாக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் உண்மை இருக்கிறது. பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் போகிறது. எலும்பு கனத்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நமக்கு நம் குரல் கொஞ்சம் கம்பீரமாகவே கேட்கும். பதிவில் அந்தக் கனம் கிடையாது, அதனால் யாரோ கீச்சுக் குரலில் பேசுவது போலிருக்கிறது. ஆனால் கணவரும் பிள்ளைகளும் அடுத்த வீட்டுக்காரரும் இத்தனை வருடமாகக் கேட்டுவருவது அந்தப் பதிவுக் குரலைத்தான். அவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

முகமும் அப்படியே. நமக்குப் பழகியது கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் முகம். 1977-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பெண்களிடம் அவர்களுடைய படத்தை இரண்டு விதமாக அச்சிட்டுக் காட்டினார்கள். பலருக்குப் பிடித்தது கண்ணாடி முகம். அவர்களுடைய தோழிகளுக்குப் பிடித்ததோ ஊர் பார்க்கும் நேர் முகம். கைபேசியை மூக்குக்கு முன்னால் பிடித்தால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலடி தள்ளி, எதிலாவது சாய்த்து வைத்தாலே பாதி வருத்தம் தீர்ந்துவிடும்.

‘யாராவது பார்த்தால்?’ என்ற கேள்விக்கும் ஆராய்ச்சியில் பதில் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு பாடகரின் படம் போட்ட, போட்டுக்கொள்ளக் கூச்சமான பனியனை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

தொழில் செய்பவரே கேமரா முன் நிற்பது நமக்குப் புதிதும் இல்லை. வசந்த் அண்ட் கோ விளம்பரத்தில் சிரித்தபடி வந்து நின்ற எச். வசந்தகுமாரைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் யார்? லலிதா ஜுவல்லரி கிரண்குமார் மொட்டைத் தலையோடு நேராக நம்மைப் பார்த்துச் செய்கூலி சேதாரம் பேசுகிறார். சரவணன் அருள் தன் கடை விளம்பரத்தில் தானே நடித்தபோது கேலி மீம்கள் குவிந்தன. அவர் நிறுத்தவில்லை, 2022-ல் ‘தி லெஜண்ட்’ படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். எனக்கு மிகவும் பிடித்தவர் எம்.டி.எச். மசாலா தரம்பால் குலாட்டி. பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து தில்லிக்கு வந்து குதிரை வண்டி ஓட்டியவர். விளம்பரப் படப்பிடிப்பில் மணப்பெண்ணின் அப்பாவாக நடிக்க வேண்டியவர் வராமல் போக, அந்த இடத்தில் இவரை நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். அன்று நின்றவர் 2020 டிசம்பரில் 97 வயதில் காலமாகும்வரை மசாலா டப்பாவின் முகமாகவே இருந்தார். தலைப்பாகையும் வெள்ளை மீசையுமாக ஒரு தாத்தா, அவ்வளவுதான். நடிப்புக்காக அவரை யாரும் பார்க்கவில்லை.

ஆனாலும் முகத்தில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கையில் தொடங்கலாம். புதுக்கோட்டைப் பக்கம் 2018-ல் ஆரம்பித்த வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. அதில் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. சாமானின் பெயரை உரக்கச் சொல்லிப் பாத்திரத்தில் போடுகிறார்கள், கிளறுகிறார்கள், மற்றதெல்லாம் வேலையும் சத்தமும்தான். வேலையே பேசும் என்ற அந்த நம்பிக்கையை நம் சமையலறைக்குள் கொண்டுவரலாம். முறுக்கைப் பிழிந்து எண்ணெயில் விட்டதும் சடசடவென்று நுரைத்துக் கொதிக்கும். வேக வேக நுரை அடங்கி, சத்தம் குறைந்து, கரண்டியால் தட்டினால் கலகலவென்று கேட்கும் பதம் வரும். அந்த அரை நிமிடத்தைப் பேசாமல் எடுத்தாலே போதும். இதில் சுயபுகழ்ச்சி எங்கே இருக்கிறது?

அடுத்த வீடியோவுக்கு விஷயம் தேடி அலையவும் வேண்டாம். வாங்குகிறவர்கள் கேட்பதே போதும். எத்தனை நாள் கெடாமல் இருக்கும், கடலை எண்ணெயா ரீஃபைண்டா, பூண்டு போடாமல் கிடைக்குமா, அமெரிக்காவுக்குக் கூரியரில் அனுப்பினால் நொறுங்காமல் போகுமா? ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ. வாட்ஸாப்பில் தினமும் தட்டச்சு செய்யும் பதிலை வாயால் சொல்கிறோம், அவ்வளவே. உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் இருந்தால் பொட்டலத்தைத் திருப்பி அதையும் காட்டுங்கள். புதிதாக வருகிறவர் தேடுவது அதைத்தான்.

மொழியைப் பற்றியும் கவலை வேண்டாம். திருநெல்வேலிப் பேச்சு, பாலக்காட்டு இழுப்பு, நடுவில் இரண்டு இந்தி வார்த்தை என்று வருவதுதான் மும்பைத் தமிழ். அதைத் துடைத்துவிட்டுச் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசினால் பழைய வாடிக்கையாளருக்கே அடையாளம் தெரியாது. மராத்திக்காரர்களுக்கு விலையையும் பொருளின் பெயரையும் அவர்கள் மொழியில் எழுத்தாகப் போட்டுவிடலாம்.

எடுக்கும் இடத்தில் மட்டும் காலனிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் அருமையானது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருப்பது படத்தில் வரக் கூடாது. ஜன்னலுக்கு முதுகைக் கொடுக்காமல் அதைப் பார்த்தபடி நின்றால் முகத்தில் வெளிச்சம் விழும், பின்னால் வீட்டுச் சுவர் மட்டும் தெரியும். கேட், காவலர், சாலை, மலை எதுவும் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் விசில் அடங்கட்டும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடும்.

வீடியோ எடுத்துப் போடுவது இத்தனை எளிதாக எப்போதும் இருந்ததில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. 2020 ஜூனில் டிக்டாக் தடையானது. அடுத்த மாதமே ரீல்ஸ், செப்டம்பரில் ஷார்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தன. ராஜ் கபூர் 1948-ல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ பக்கத்திலேயே செம்பூரில் இருந்தும், அதன் வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? 2017-ல் தீப்பிடித்து, 2019-ல் அந்த இடமும் கைமாறிவிட்டது. இன்று நம் வீட்டுக்குள் படம்பிடிக்க யாருடைய அனுமதிச் சீட்டும் தேவையில்லை.

எடுத்து முடித்ததும் அவசரப்பட்டுக் குடும்ப வாட்ஸாப் குழுவில் மட்டும் போடாதீர்கள். அங்கே அத்தை புடவையைப் பார்ப்பார், மச்சினர் உச்சரிப்பைத் திருத்துவார், பொடியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். போன தீபாவளிக்கு உங்களிடம் முறுக்கு வாங்கியவர்களின் எண்கள் கைபேசியில் இருக்கும். அவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். அவர்கள் “எப்போ கிடைக்கும்? அரைக் கிலோ எவ்வளவு?” என்று கேட்பார்கள். இரண்டாவது வீடியோவில் விலையைச் சொல்லிவிடலாம்.