ஊர்ப் பட்டறைக்கு ஒரு துரு நீக்கும் பெட்டி

களையெடுப்பு முடிந்ததும் கோனோவீடரைக் கழுவாமல் கொட்டகை மூலையில் சாத்தி வைத்தால், அடுத்த போகத்துக்கு எடுக்கும்போது உருளை சுற்றுவதில்லை. உரம் போடும் கருவிகளின் நிலை இதைவிட மோசம். யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் உப்பு நீராக நிற்கின்றன. ஒரே மழைக்காலத்தில் தகடு செதில் செதிலாக உரிகிறது. கிணற்று மோனோபிளாக் பம்பைப் பிரித்துப் பார்த்தால் வார்ப்பிரும்பு இம்பெல்லரின் இதழ்களுக்கிடையே துருவும் சுண்ணாம்புப் படிவும் அடைத்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்க்கலாம். ஆனால் இதழ்களின் இடுக்கிலும் மரையின் அடியிலும் தூரிகை நுழையாது. துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால், சில மாதங்களில் அது தோலாகக் கழன்று வந்துவிடும்.

இதற்குப் பட்டறைகளில் கையாளும் முறைதான் ‘சாண்ட் பிளாஸ்டிங்’. கடினமான குருணையை அழுத்தக் காற்றோடு கலந்து, நாசில் வழியாகப் பொருளின் மேல் பாய்ச்சித் துருவைச் சிதறடிப்பது. அமெரிக்காவின் பெஞ்சமின் டில்மன் என்பவர் 1870-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறை இது. பெரிய ஆலைகளுக்கே உரியதாக இருந்த இச்சாதனம் இப்போது மேசை மேல் வைக்கும் சிறு பெட்டியாக, பிரித்த தகடுகளாக அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. மதுரை காளவாசலிலிருந்து தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி வரை லேத், வெல்டிங் பட்டறை வைத்திருப்போர் இதனை வாங்கவோ, தாமே செய்துகொள்ளவோ இயலும். காளவாசல் என்ற சொல்லே சூளையைக் குறிப்பது. தூசியும் புகையும் அந்தப் பெயருக்குப் புதியவை அல்ல. ஆனால் இந்தப் பெட்டியிலிருந்து வரக்கூடிய தூசி வேறு வகை. எனவே பெட்டியின் அமைப்பைச் சொல்லும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயரில் ‘சாண்ட்’ இருந்தாலும் பெட்டிக்குள் மணல் போகக் கூடாது.

மணல் ஏன் கூடாது?

வைகை மணலைச் சலித்துப் போட்டால் செலவில்லை என்று தோன்றும். துருவும் நன்றாகவே போகும். ஆனால் ஆற்று மணலின் பெரும் பகுதி குவார்ட்ஸ் எனப்படும் படிகச் சிலிகா. அது வேகமாக இரும்பில் மோதும்போது மாவாக உடைகிறது. அந்த மாவில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் ஆபத்து. ஒரு மில்லிமீட்டரில் 100-இல் ஒரு பங்குக்கும் குறைவான அத்துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று அங்கேயே தங்கி, சுற்றியுள்ள திசுவைத் தழும்பாக்குகின்றன. இதுவே சிலிகோசிஸ் நோய். இதனைக் குணப்படுத்த மருந்து இல்லை. இந்நோய் உள்ளவரைக் காசநோயும் எளிதில் பற்றும். இருமல், மூச்சிரைப்பு, உடல் மெலிவு ஆகிய அறிகுறிகள் காசநோயைப் போலவே இருப்பதால், சிலிகோசிஸ் என்று அறியாமல் காசநோய் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்போர் உண்டு.

மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் வட்டாரத்தில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்களை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, அவர்களில் பெரும் எண்ணிக்கையினருக்கு இந்நோய் இருப்பது தெரிந்தது. நம் பிள்ளைகள் எழுதிப் பழகிய அதே சிலேட்டுக் குச்சிதான். துருக்கி நாட்டில் ஜீன்ஸ் துணிக்குப் பழைய சாயல் வருவதற்காக, சிறு சிறு பட்டறைகளில் இளைஞர்கள் மணல் பீச்சி வந்தனர். சில ஆண்டு வேலையிலேயே பலருக்கு நுரையீரல் கெட்டு, உயிரிழப்புகளும் ஏற்பட்டபின் 2009-ஆம் ஆண்டில் அந்நாடு அம்முறையைத் தடை செய்தது. பிரிட்டனில் வார்ப்புகளை மணல் பீச்சித் துலக்குவதை 1949-ஆம் ஆண்டு விதிகளே விலக்கிவிட்டன. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் ஒருவரோ இருவரோ நின்று வேலை செய்யும் ஊர்ப் பட்டறைகள் அச்சட்டத்தின் பார்வைக்கு வெளியே இருந்தன. அங்கே காவல், பட்டறைக்காரரின் சொந்த எச்சரிக்கை மட்டுமே. பெட்டியின் முன் பெரும்பாலும் நிற்பது முதலாளி அல்லர், உதவிக்கு வைத்திருக்கும் பையன் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கூடாது. நம் பகுதிக் கிரானைட் கல்லிலும் குவார்ட்ஸ் கணிசமாக உள்ளது. உடைத்த கல்லின் தூளும் அதே தீங்கைத்தான் செய்யும்.

எதைப் போடலாம்?

கார்னெட் என்னும் கருஞ்சிவப்புக் கனிமக் குருணை நம் தென்கடற்கரையில் கிடைப்பது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் உள்ள மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து இதனைப் பிரித்தெடுக்கிறது. கார்னெட்டிலும் சிலிகா உண்டு; ஆனால் அது மற்றப் பொருள்களோடு கூடிய சேர்மமாக இருக்கிறதே தவிரத் தனிக் குவார்ட்ஸாக இல்லை. வாங்கும்போது தனிச் சிலிகா 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று மூட்டையில் அச்சிட்டிருக்கிறதா எனப் பார்க்கவும். அச்சில்லாத மூட்டையை விலை மலிவென்று வாங்க வேண்டாம், மணல் கலந்திருக்கலாம். விவசாயக் கருவிகளின் துருவுக்கு 80 மெஷ் குருணை போதும். சலித்துச் சலித்து மூன்று, நான்கு முறை பயன்படுத்தலாம். அலுமினியம் ஆக்சைடு விலை கூடியது; நாள்பட உழைக்கும். பித்தளை, அலுமினியப் பாகங்களுக்குக் கண்ணாடி மணிகள் ஏற்றவை. இரும்புக் குருணை நம் மழைக்காலத்தில் பெட்டிக்குள்ளேயே துருப்பிடித்துக் கட்டியாகிவிடும். அதனை நான் சிபாரிசு செய்வதில்லை.

முதல் கணக்கு கம்ப்ரசர்

பெட்டி வாங்கி ஏமாந்தவர்களில் பலர் காற்றுக் கணக்கைப் பார்க்காதவர்கள். பெட்டியில் வரும் துப்பாக்கியின் உள்ளே காற்று பாயும் சிறு துளை ஒன்று உண்டு. 80 பவுண்டு அழுத்தத்தில் 2 மி.மீ. துளை நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 கன அடி காற்றைக் குடிக்கும். 3 மி.மீ. துளையோ 18 கன அடிக்கு மேல் குடிக்கும். பஞ்சர் கடையில் உள்ள 1 குதிரைத் திறன் கம்ப்ரசர் தருவது சுமார் 4 கன அடி. 2 குதிரைத் திறன் தருவது 7 அல்லது 8. 3 குதிரைத் திறன் 10 முதல் 12 வரை. ஆகவே 2 குதிரைத் திறனுக்குக் குறைந்த கம்ப்ரசரை வைத்து வேலை தொடங்க வேண்டாம். துப்பாக்கியில் பெரிய துளை இருந்தால் அதனை 2 மி.மீ. துளைக்கு மாற்றிக்கொள்ளவும். வெளி நாசில் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 4 முதல் 5 மி.மீ. வரை இருக்கட்டும். பீங்கான் நாசில் மலிவு. தேய்ந்தவுடன் மாற்றிவிட வேண்டும்.

காற்றோடு வரும் ஈரம் குருணையைக் களியாக்கும். கம்ப்ரசரை ஒட்டியே நீர்ப்பிரிப்பானை மாட்டுவது பயனற்றது. அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே கடந்துவிடும். ஐந்தாறு மீட்டர் இரும்புக் குழாய் வழியாகக் காற்றைக் கொண்டுசென்று, ஆறிய பின் பெட்டிக்கு அருகில் பிரிப்பானை மாட்டவும். தொட்டியின் அடித் திருகைத் தினமும் திறந்து நீரை வெளியேற்றவும்.

பெட்டியின் அமைப்பு

சொந்தமாகச் செய்வோர் 18 கேஜ் தகட்டில் சுமார் 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரத்தில் செய்தால் போதும். அடிப்பகுதி புனல்போல் குறைந்தது 45 பாகைச் சரிவுடன் இறங்க வேண்டும்; சரிவு குறைந்தால் குருணை ஓரங்களில் தங்கிவிடும். புனலுக்கு மேல் பொருளை வைக்கத் துளையிட்ட தகடு. கை நுழையும் வட்டங்கள் இரண்டும், நிற்பவரின் முழங்கை உயரத்தில், 15 செ.மீ. விட்டத்தில் அமையட்டும். எண்ணெய் டிரம்மை அறுத்தும் செய்யலாம். ஆனால் பூச்சிமருந்து, தின்னர், பெட்ரோல் இருந்த டிரம்மைத் தொடவே கூடாது. காலி டிரம் என்று நினைத்து வெல்டிங் வைக்கும்போது உள்ளே நிற்கும் ஆவி வெடித்துவிடும்.

வாங்கிய பெட்டியில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

மலிவுப் பெட்டிகளின் பெருங்குறை அவற்றின் ஓட்டைகள். தகடுகளை முடுக்கும்போதே ஒவ்வோர் இணைப்பிலும் சிலிகான் பசையைத் தடவி முடுக்கவும். பிறகு இரவில் பெட்டிக்குள் விளக்கை எரியவிட்டு வெளியே இருளில் நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தூசி கசியும் இடம். கதவின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டினால் நன்றாக அடைக்கும்.

அடுத்தது காற்றை உறிஞ்சும் ஏற்பாடு. துப்பாக்கி உள்ளே தள்ளும் காற்று எப்படியாவது வெளியேறியாக வேண்டும். நாம் வழி விடாவிட்டால் கதவிடுக்கிலும் கையுறை ஓரத்திலும் தூசியோடு வெளியேறும். பெட்டியின் மேல்புறத்தில் ஒரு வாக்குவம் கிளீனரை இணைக்கவும்; எதிர்ப்பக்கம் வெளிக்காற்று நுழைய 5 செ.மீ. துளை ஒன்று விட்டு, குருணை தெறிக்காமல் உட்புறம் ஒரு தடுப்புத் தகடு வைக்கவும். கிளீனரின் வடிகட்டி சீக்கிரம் அடைத்துவிடும் என்பதால், இடையே மூடியிட்ட 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை வைப்பார்கள். தூசிக்காற்று வாளியின் பக்கவாட்டில் நுழைந்து சுழலும்போது கனத்த தூசி வாளியிலேயே இறங்கிவிடும். மிஞ்சும் நுண்தூசியைப் பிடிக்க, கிளீனரில் ‘ஹெப்பா’ வடிகட்டி இருத்தல் அவசியம். கிளீனர் விடும் காற்றைப் பட்டறைக்குள் விடாமல் குழாய் மூலம் வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் விடவும்.

ஏற்பாடு சரியா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். கையை விடாமல் கிளீனரை ஓடவிட்டால் கையுறைகள் பெட்டிக்குள்ளே உப்பி நிற்க வேண்டும். வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தால் தூசியும் வெளியேதான் வருகிறது என்று பொருள்.

மற்றவை சிறு வேலைகள். பார்வைக் கண்ணாடியின் உட்புறம் தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மங்கியதும் மாற்றவும். எல்.இ.டி. விளக்கை வெளியே, கண்ணாடிக்கு மேல் பொருத்தவும். குருணை விட்டுவிட்டு வந்தால், உறிஞ்சு குழாய் முழுவதும் குருணையில் புதைந்திருக்கிறது என்று பொருள். குருணையோடு காற்றும் நுழைய அதன் மேற்பகுதியில் 3 மி.மீ. துளை ஒன்று இடவும். ரப்பர் ஹோஸில் குருணை உரசி மின்னூட்டம் ஏறி ‘சுருக்’கென்று அடிக்கும், துப்பாக்கியையும் பெட்டியையும் கம்பியால் இணைத்து எர்த் கொடுத்துவிடுங்கள்.

வேலை செய்யும் முறை

உரம் பட்ட பாகங்களை முதலில் நீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவைக்கவும். குழிகளில் தங்கிய உப்பைக் குருணை எடுக்காது. கிரீஸ் பட்டவற்றைச் சலவைச் சோடாக் கரைசலில் கழுவவும். மருந்து தெளித்த கருவிகளுக்கு மும்முறை கழுவல். ஈயம் கலந்த பழைய பெயிண்ட் இருக்கக்கூடும் என்று ஐயப்பட்டால் அந்தப் பொருளைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பேரிங் உட்காரும் இடம், ஷாஃப்ட், மரை ஆகியவற்றைப் பழைய டியூபால் சுற்றி மூடவும். துத்தநாகம் பூசிய குழாய்களுக்கு இது வேண்டாம். துருவோடு பூச்சும் போய்விடும். கொழுவுக்கும் ரோட்டவேட்டர் கத்திக்கும் வீணாகச் செலவிடாதீர்கள். அவற்றை மண்ணே துலக்கும். போகம் முடிந்ததும் கழுவிக் கழிவு எண்ணெய் தடவினால் போதும்.

அழுத்தம் 60 முதல் 80 பவுண்டு. மெல்லிய தகட்டுக்கு 40. நாசிலை ஒரு சாண் தூரத்துக்கும் சற்றுக் குறைவாக, சாய்வாகப் பிடிக்கவும். முடிந்ததும் கிளீனரை ஒரு நிமிடமாவது ஓடவிட்டே கதவைத் திறக்க வேண்டும். திறக்கும்போதும் குருணையைச் சலிக்கும்போதும் என்-95 முகமூடி தேவை. முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. வெளியே எடுத்த பாகத்தை வெறுங்கையால் தொடாமல், 4 மணி நேரத்துக்குள் ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்கவும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அவ்வளவு நேரமும் காத்திராது. கண்ணெதிரே செம்மை படரும். கழித்த குருணையில் பழைய பெயிண்ட்டும் கலந்திருக்கும். வயலிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம்.

நான்கைந்து கருவிகள் மட்டுமே உள்ள சிறு விவசாயிக்குத் தனியாக இப்பெட்டியும் கம்ப்ரசரும் கட்டுப்படியாகா. பட்டறைக்காரரோ, உழவர் குழுவோ வைத்து வாடகைக்கு வேலை செய்வதே முறை. பாசனத்துக்கான இலவச மின் இணைப்பில் இவற்றை ஓட்டக் கூடாது என்பதையும் குழுவினர் கவனிக்கவும்.

பெட்டி இல்லாத ஊரில், சிறு பாகங்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் மூழ்க விடவும். ஸ்டெயின்லெஸ் தகடு கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நீர் நஞ்சாகும். எரியக்கூடிய வாயு குமிழியிடும் என்பதால் தொட்டியைத் திறந்த வெளியில், பீடி நெருப்புக்கு எட்டாமல் வைக்கவும். மறுநாள் சார்ஜரை நிறுத்திய பிறகே தொட்டியில் கை வைத்துப் பாகத்தை எடுத்துத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றே பிரைமர் அடிக்கவும்.