முப்பதிலேயே நின்றுபோனால்

சென்ற வாரம் பிசிஓடியில், அதாவது சினைப்பை நீர்க்கட்டியில், நிறுத்தியிருந்தோம். மாதவிலக்கு தள்ளிப்போனாலே அந்தப் பெயரை ஒட்டிவிடுவது இப்போது ஊர்வழக்கமாகிவிட்டது. இந்த வாரம், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வேறொன்று.

வாலாஜாபாத்தில் விடிவதற்கு முன்பே ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். வயது இருபத்தெட்டு. நாலு மாதமாக வரவில்லை. கல்யாணமானவள் என்றால் மாமியாருக்கு முதலில் சந்தோஷம்தான். கார்டில் ஒரே கோடு வந்ததும் அது வடிந்துவிடும். அப்புறம் காரணங்கள் வரிசை கட்டும்: நைட் ஷிப்ட், ரத்தம் கம்மி, பிசிஓடி. நடுவில் குப்பென்று வேர்த்துக் கொட்டும், ராத்திரியில் தூக்கம் கலையும். ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயமும் எண்ணெய்க் குளியலும் நடக்கும். இந்த ஊகங்களில் ஏதோ ஒன்று பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தைராய்டு, பிசிஓடி எல்லாம் அவ்வளவு சகஜம். சிலருக்கு மட்டும் சினைப்பையே வேலையை நிறுத்திக்கொண்டிருக்கும்.

பிசிஓடியில் கருமுட்டைக்குப் பஞ்சமில்லை, அது வெளியே வருவதில்தான் தகராறு. இங்கே முட்டைகளே தீர்ந்துவிட்டன, அல்லது இருப்பவை மசிய மறுக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பி விடாமல், சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும்; ரத்தத்தில் அதன் அளவு ஏறும். நாற்பது வயதுக்குள் நாலு மாதமாவது மாதவிலக்கு தடைபட்டு, எஃப்எஸ்எச் 25-ஐத் தாண்டினால் சந்தேகம் உறுதிப்படுகிறது. நூறில் ஒருத்திக்கு என்றுதான் முன்பு சொல்லிவந்தார்கள். 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அதை நூறில் 3.5 என்று உயர்த்தியிருக்கிறது. எக்ஸ் குரோமோசோமில் குறை, உடலே தன்னைத் தாக்கும் நோய், அறுவை சிகிச்சை, புற்றுநோய் மருந்து என்று காரணங்கள் உண்டு. பலருக்குக் காரணமே அகப்படுவதில்லை.

‘இனி குழந்தை பிறக்குமா?’ இந்த ஒரு கேள்வியிலேயே வீடு நின்றுவிடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை எலும்பு. சினைப்பையின் இந்தக் குறைக்கு 1942-இல் பெயர் சூட்டிய பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட், எலும்பையும் கால்சியத்தையும் ஆராய்ந்தவர். அதற்கு முந்தைய ஆண்டுதான், மாதவிலக்கு நின்ற பெண்களின் எலும்பு நொறுங்குவதற்கு சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனை இழப்பதே காரணம் என்று எழுதியிருந்தார். ஐம்பதில் தொடங்க வேண்டிய தேய்மானம் இருபத்தெட்டில் தொடங்கினால் என்ன ஆகும்? இதயமும் இதே கணக்கில்தான் வரும். ஸ்கேன் சென்டரில் கர்ப்பப்பையைப் பார்ப்பவர்கள் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கச் சொல்வது அபூர்வம்.

மருந்து இருக்கிறது. இழந்த ஹார்மோனை, இயல்பாக நிற்கும் வயதுவரை, சுமார் ஐம்பதுவரை, வெளியிலிருந்து கொடுப்பது. ‘ஹார்மோன் மாத்திரையா? கேன்சர் வந்துடும்’ என்று பாதியில் நிறுத்துபவர்கள் ஏராளம். அந்தப் பயத்தைப் பரப்பியது 2002-இல் இடையில் நிறுத்தப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வு. அதில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுக்காரர்கள். அந்த முடிவைத் தூக்கி இருபத்தெட்டின் தலையில் வைப்பது நியாயமில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களின் கதை வேறு. அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்படிதான் நடக்க வேண்டும்.

இயற்கை பறிப்பது ஒருபுறம், கத்தி பறிப்பது மறுபுறம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளில் 4,605 பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாக 2019-இல் அந்த மாநில அரசே சட்டமேலவையில் சொன்னது. அங்கிருந்து கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கு மாதவிலக்கு என்றால் ஒரு நாள் கூலி இழப்பு. 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஆந்திரத்தில் 15–49 வயதுப் பெண்களில் 8.9 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். நாடு முழுக்க 3.2. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் அன்றைக்கே மெனோபாஸ். விட்டுவைத்தாலும் சில ஆண்டுகள் முன்னதாக வரக்கூடும். தேவையில்லாத இந்த அறுவைகளைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘வெள்ளைப்படுதா, எடுத்துடலாம்’ என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

கத்திக்கு அடுத்தது புற்றுநோய் சிகிச்சை. வாலாஜாபாத்காரர்களுக்குக் காரப்பேட்டை புற்றுநோய் ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. அங்கே போனாலும் சென்னைக்குப் போனாலும், இளம்பெண் என்றால் கீமோவுக்கு முன்பே ஒன்று கேட்டுவிட வேண்டும்: சினைப்பைக்கு இது என்ன செய்யும், கருமுட்டையைச் சேமிக்க அவகாசம் உண்டா? சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளும் இடுப்புக் கதிர்வீச்சும் சினைப்பையைக் கடுமையாகத் தாக்கும். சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாத நிலையும் வரலாம்; ஆனால் கேள்வி ஆரம்பிக்கும் முன் வர வேண்டும்.

மற்ற காரணங்களால் நின்றவர்களுக்கு ஒரு தகவல். சினைப்பை எப்போதாவது விழித்துக்கொள்ளும். நூறில் ஐந்து முதல் பத்துப் பேர் சிகிச்சையின்றியே கருத்தரிக்கிறார்கள். ஈடாகத் தரும் ஹார்மோன் மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல. குழந்தை வேண்டாம் என்றிருப்பவர்கள் அதற்கான வழியைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)